மாங்கா காதல் கதைகளில் கொடுமை எப்படி 'ரொமான்ஸ்' ஆகிறது?

ஜப்பானிய காமிக்ஸான மாங்காவில், டீன் ஏஜ் பெண்களுக்கான 'ஷோஜோ' கதைகளில் ஒரு ஃபார்முலா அடிக்கடி தலைகாட்டும்: ஹீரோ கொடுமை செய்வான், ஹீரோயினின் அன்பு அவனைத் திருத்தும்.

எந்தக் கதைகளில்?

யோகோ காமியோ 1992-ல் தொடங்கிய 'ஹனா யோரி டாங்கோ'வைப் பாருங்கள். 2009-ல் கொரியத் தொடராக வந்த 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' இதே கதைதான். தன்னை எதிர்த்த சுகுஷி மீது மொத்தப் பள்ளியையும் ஏவிவிடுகிறான் பணக்கார டோமியோஜி. அவள் திருப்பி அடிக்கிறாள். ஆனாலும் கடைசியில் அவன்தான் ஹீரோ.

'கபேடோன்' தெரியுமா?

பெண்ணைச் சுவரோரம் நிறுத்தி, பக்கத்தில் கையை 'டோன்' என்று அடித்து நகரவிடாமல் செய்வது. 'கபே' என்றால் சுவர். 2014-ல் ஜப்பானின் டாப் 10 பிரபல சொற்களில் இதுவும் ஒன்று.

ஏன் இனிக்கிறது?

ஹீரோவின் தனிமையும் சோகமும் வாசகருக்கு மட்டும் தனி பேனல்களில் காட்டப்படும். அதனால் பொறாமைகூட பாசமாகத் தெரியும். நிஜத்தில் அந்த பேனல்கள் கிடையாது. எதிரில் இருப்பவரின் நடத்தை மட்டும்தான் தெரியும்.

அப்போ, காட்டவே கூடாதா?

அப்படி இல்லை. ஐ யசாவாவின் 'நானா'விலும் டகுமி ஹச்சியைக் கட்டுப்படுத்துகிறான். அதற்கு அவள் கொடுக்கும் விலையையும் கதை மறைப்பதில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

அவள் 'வேண்டாம்' என்றால் கதை மதிக்கிறதா? மன்னிப்புக்குப் பிறகு அவன் மாறுகிறானா? அதே காரியத்தை அழகில்லாத ஒரு பக்க கேரக்டர் செய்தால் வில்லன் என்போமா? ஆம் என்றால், அது ரொமான்ஸ் இல்லை.