நாள்பட்ட மனஅழுத்தம்: பெண்களின் இனப்பெருக்க நலமும் மணவாழ்க்கையும்

நாள்பட்ட மனஅழுத்தம் என்பது வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நீடிக்கும் சுமைக்கு உடலும் உள்ளமும் காட்டும் தொடர் எதிர்வினையாகும். குறுகிய நேரத்தில் தணியும் கடும் அழுத்தத்திலிருந்து இது வேறுபட்டது. நெருக்கடிக்கு உடல் காட்டும் பொதுவான எதிர்வினையை ஹான்ஸ் செலி 1936இல் விவரித்தார்.

செயல்முறை: அழுத்தம் நீடிக்கும்போது மூளையின் ஹைப்போதலாமசும் பிட்யூட்டரியும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டுவதால் கார்டிசால் என்னும் அழுத்த ஹார்மோன் மிகுகிறது; இதனால் சினைப்பையை இயக்கும் ஹார்மோன்களைத் தொடங்கிவைக்கும் மூளைச் சமிக்ஞைகள் தளர்ந்து, கருமுட்டை வெளியேற்றம் தாமதமாகவோ தடைப்படவோ நேர்கிறது. உறுப்புக் குறையின்றி இவ்வாறு மாதவிடாய் நின்றுபோவது செயல்சார் ஹைப்போதலாமிய மாதவிடாயின்மை எனப்படும். உணவுக் குறைவும் மிகையான உடற்பயிற்சியும் இதனைத் தூண்டும்.

மணவாழ்க்கை: உறக்கமின்மை, எரிச்சல், பாலியல் நாட்டக் குறைவு ஆகியன தம்பதியரிடையே விலகலை உண்டாக்கலாம். 12 மாதம் முயன்றும் கருவுறாத நிலையான குழந்தையின்மையும், அதனையொட்டிய உறவினர் வினாக்களும், கணவரிடம் குறை இருப்பினும் பெண்மீதே சுமத்தப்படும் பழியும் அழுத்தத்தை மேலும் பெருக்குவதால், இத்தொடர்பு இருவழிப்பட்டதாகும்.

திருவனந்தபுரத்தில் கிடைக்கும் உதவி: 1951இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை மகளிர் நலச் சிகிச்சையையும், 1870இல் தோன்றிய ஊளம்பாறை மனநல மையம் உளநலச் சிகிச்சையையும் அளிக்கின்றன. 1996இல் அமைக்கப்பட்ட கேரள மகளிர் ஆணையம் குடும்பப் பிணக்கு முறையீடுகளை விசாரிப்பதுடன், திருமணத்திற்கு முந்தைய ஆலோசனையும் வழங்குகிறது.

நோயறிதல்: மாதவிடாய் மாற்றத்துக்கு மனஅழுத்தமே காரணம் எனக் கொள்ளுமுன் கருத்தரிப்பு, தைராய்டுக் கோளாறு, புரோலாக்டின் மிகுதி, சினைப்பை நீர்க்கட்டி நோய் ஆகியவை இல்லை எனப் பரிசோதனையால் உறுதிசெய்யப்படும்.