பிறை வடிவப் பீராகி: லாத்வியக் குடும்ப விழாக்களில் தவறாத பலகாரம்

பால்டிக் கடலோரத்தில் உள்ள லாத்வியாவில் பிறந்தநாள், திருமணம், கிறிஸ்துமஸ் என எந்த விசேஷமானாலும் விருந்து மேசையில் தவறாமல் இடம்பெறும் பலகாரம் பீராகி. துக்க வீட்டு விருந்திலும் அதைக் காணலாம்.

பார்வைக்கு நம் ஊர் கறிபாப்பை நினைவூட்டினாலும், பீராகி எண்ணெயில் பொரிக்கப்படுவதில்லை. பால், வெண்ணெய், ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்து உப்பவைத்த கோதுமை மாவில் செய்து, ரொட்டி போல அடுப்பில் சுடப்படுகிறது.

பொடியாக நறுக்கிய புகையூட்டிய பன்றி இறைச்சியும் வெங்காயமும் மிளகுத்தூளுமே வழக்கமான பூரணம். முட்டைக்கோஸ் அல்லது கொத்திறைச்சி வைத்தும் செய்வதுண்டு. ‘பீராகி’ என்ற பெயர், ருஷ்ய மொழியின் ‘பிரோக்’ என்ற சொல்லுடன் உறவுடையது.

தேய்த்த மாவைக் கண்ணாடிக் குவளையின் விளிம்பால் வட்டமாக வெட்டி, நடுவில் பூரணம் வைத்து மடிப்பர். ஓரத்தை அழுத்தி மூடி, மூடிய பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் அடுக்கி, பிறையாக வளைத்து, மேலே முட்டை தடவுவர். ஓரம் சரியாக மூடாவிட்டால் கொழுப்பு வழிந்து தட்டில் கருகிவிடும்.

ஒவ்வொன்றும் சிறியது என்பதால் விருந்துக்கு டஜன் கணக்கில் தேவைப்படும். ஒருவரால் செய்து முடிக்க நேரம் பிடிக்கும். எனவே பாட்டி மாவு தேய்க்க, பிள்ளைகள் ஓரம் மூட, விழா சமையலறையிலேயே தொடங்கிவிடுகிறது. செய்முறை பெரும்பாலும் பார்த்துப் பழகியே கைமாறுகிறது.

கோடையின் உச்சத்தில், ஜூன் 23, 24ஆம் தேதிகளில் கொண்டாடப்படும் ‘யாஞி’ திருவிழாவில், சீரகம் போன்ற கேரவே விதை கலந்த பாலாடைக்கட்டி, பீர் ஆகியவற்றுடன் பீராகியும் பரிமாறப்படும். ஓக் இலை மாலை சூடி, தீ மூட்டி, விடியும்வரை மக்கள் பாடுவார்கள். சோவியத் ஆட்சியில் இத்திருவிழா சில காலம் விடுமுறைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆயினும் வீடுகளில் கொண்டாட்டம் நிற்கவில்லை.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944, 1945ஆம் ஆண்டுகளில், ஒரு லட்சத்துக்கும் அதிகமான லாத்வியர்கள் நாட்டைவிட்டு வெளியேறினர். பலர் ஜெர்மனியின் அகதி முகாம்களில் தங்கி, பின்னர் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் குடியேறினர். அமெரிக்காவில் ஊர்ப் பன்றி இறைச்சிக்குப் பதிலாகக் கடையில் கிடைத்த பேக்கன், ஹாம் ஆகியவற்றைக் கலந்து பூரணம் செய்தனர்.

1991இல் லாத்வியா மீண்டும் சுதந்திர நாடாகும்வரை சுமார் அரை நூற்றாண்டுக் காலம், சொந்த ஊரில் கால் வைக்காமலேயே ஒரு தலைமுறை வெளிநாடுகளில் வளர்ந்தது. பாட்டி, அம்மாவுடன் நின்று மாவை மடித்து ஓரம் மூடியபோதுதான், அந்தப் பிள்ளைகள் பலருக்குத் தாய்நாடு அறிமுகமானது.