தேருக்கு முன்னே நடந்த குழல்

ஜூபிலி மலர் என்றால் பங்குத் தந்தையரின் வரிசை இருக்கும். கோயில் எழுந்த கதை இருக்கும். நன்கொடையாளர் பட்டியல் தவறாமல் இருக்கும். ஆனால் திருவிழாவுக்குத் திருவிழா தேருக்கு முன்னே நடந்து, மூச்சு முட்ட ஊதி, அர்ச்சியசிஷ்டவரைக் கோயில் வாசல் வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டு, தாங்கள் வாசலோடு நின்றுகொண்டவர்களுக்கு எந்த மலரிலும் ஒரு பக்கம் ஒதுக்கியதை நாம் கண்டதில்லை. நாதசுரம், ஒத்து, முகவீணை, கிளாரினெட் ஆகிய மரத் துளைக்கருவிகளும் அவற்றை ஊதியவர்களும் திருச்சபையோடு கொண்ட உறவு நீண்டது. சில இடங்களில் மனத்தைச் சற்று உறுத்துவதும்கூட. இந்தப் பக்கங்கள் அவர்களுக்காக.

முத்துக்குளித்துறைக் கரையில் வேதம் வேர்விட்டது 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில். 1542-ல் வந்த புனித சவேரியார் கைமணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டியதை நாம் ஞானோபதேச வகுப்பிலேயே கேட்டிருக்கிறோம். ஆக, நம் கரையில் மறைபோதனை ஓசையோடுதான் தொடங்கியது. ஆனால் மணி வேறு, மேளம் வேறு. மணியை யாரும் ஆட்டலாம். நாதசுரத்தை ஊதப் பரம்பரை வேண்டும்; அந்தப் பரம்பரைக்குச் சோறு போட்டது இந்துக் கோயில்களும் கலியாண வீடுகளும்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. நம் மாவட்டத்து ஓரியூரில் புனித அருளானந்தர் தலை வெட்டுண்டு வேதசாட்சியானது 1693 பிப்ரவரி 4-ந் தேதி. அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 1704 ஜூன் 23-ந் தேதியிட்டு, பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த துர்னோன் ஆண்டகை ஒரு கட்டளை பிறப்பித்தார். நம் நாட்டுக் கிறிஸ்தவர்களிடையே இருந்த பல வழக்கங்களை அது தடை செய்தது. அவற்றுள் ஒன்று, கிறிஸ்தவ வாத்தியக்காரர்கள் பிற சமயக் கோயில்களின் விழாக்களில் வாசிக்கக்கூடாது என்பது. 1744 செப்டம்பர் 12-ந் தேதி பாப்பரசர் 14-ம் ஆசீர்வாதப்பர் இந்தக் கட்டளைகளை உறுதிப்படுத்தினார். இவற்றைக் கைக்கொள்வதாகக் குருக்கள் சத்தியம் செய்துகொடுக்கும் வழக்கம் 1940-ல்தான் நீங்கியது.

நடக்காத ஒன்றுக்கு யாரும் தடை போடுவதில்லை. ஆகவே 1704-க்கு முன்பே நம் நாட்டில் கிறிஸ்தவ வாத்தியக்காரர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்தக் கட்டளையே சாட்சி. ஞானஸ்நானம் பெற்ற பிறகும் அவர்கள் பழைய இடங்களில் ஊதி வயிறு வளர்த்தார்கள் என்பதும் அதிலிருந்து தெரிகிறது. கட்டளையின் நோக்கத்தைக் குறைகூற நாம் வரவில்லை. விசுவாசத்தைக் கலப்பில்லாமல் காக்கவேண்டும் என்ற கவலையில் பிறந்தது அது. ஆனாலும் பத்து நாள் திருவிழா ஒன்றை நம்பி ஒரு நாதசுரக் குடும்பம் வருஷம் முழுவதும் அடுப்பு மூட்ட முடியுமா? அன்று யாராவது ஒரு குடும்பத் தலைவன், ஒரு கையில் ஜெபமாலையும் மறுகையில் குழலுமாக, எதை வைப்பது எதை விடுவது என்று திகைத்து நின்றிருப்பான். அவன் பெயரை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை.

இதன் பிறகு ஏற்பட்ட நிலைமை விசித்திரமானது. பல ஊர்களில் நம் தேருக்கு முன்னே ஊத இந்து வித்துவான்கள் வந்தார்கள். நாம் அழைத்தால் அவர்கள் தயங்காமல் வந்தார்கள். அவர்கள் பக்கத்து அழைப்புக்கு நம்மவர் போகக்கூடாது. ஆனால் வாத்தியம் மட்டும் எவர் வேலிக்குள்ளும் அடங்கவில்லை. நாகூர் தர்காவில் நாதசுரம் ஒலிப்பது நாடறிந்தது. தலைமுறை தலைமுறையாக நாதசுரம் வாசித்துவந்த இசுலாமியக் குடும்பத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா ஸ்ரீரங்கத்தில் குடியிருந்து, 1998-ல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். தர்காவும் கோயிலும் தேவாலயமும் அக்கம்பக்கமாய் வாழும் இந்தச் சேதுக்கரையில் இதை நாம் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

இனி கிளாரினெட்டின் கதை. ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் தென்னர் என்ற கைவினைஞர் சுமார் 1700-ல் உருவாக்கிய கருவி இது. பட்டாளத்துப் பாண்டுகளோடு நம் நாட்டுக்கு வந்தது. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட சரபோஜி மன்னரின் அரண்மனையில் மேனாட்டு இசைக்குத் தனி ஆதரவு இருந்தது. பின்னர் அதே 19-ம் நூற்றாண்டில் மகாதேவ நட்டுவனார் சதிர்க் கச்சேரியில் கிளாரினெட்டைச் சேர்த்தார். அதுவரை அங்கே ஒலித்தது முகவீணை என்னும் சின்னக் குழல். வந்த விருந்தாளி வீட்டுக்காரரை வெளியே அனுப்பிய கதைதான். இன்று முகவீணையைக் கேட்டவர்களே அரிது. நம் காலத்தில் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டில் கர்நாடக சங்கீதத்தை முழுமையாக வாசித்துக் காட்டி, 2008-ல் சங்கீத கலாநிதியும் 2022-ல் பத்மஸ்ரீயும் பெற்றார்.

நம் கோயில்களுக்குக் கிளாரினெட் வந்தது பாண்டு வழியாக. 1906-ல் தஞ்சைக்கு வந்து இறங்கிய சலேசிய சபையாருக்கு, சிறுவர்களைக் கூட்டிப் பாண்டு பழக்குவது தங்கள் ஸ்தாபகரான தொன் போஸ்கோ காலத்து வழக்கம். திருவிழாவுக்கும் அடக்கத்துக்கும் பாண்டு என்பது சிறுகச் சிறுகக் கடற்கரை எங்கும் ஊன்றிவிட்டது. பித்தளைக் கொம்புகள் முழங்கும். ஆனால் மெட்டைச் சுமந்துகொண்டு போவது கிளாரினெட்தான்.

வாசலோடு நின்றார்கள் என்றோமே, அதற்கும் ஒரு சட்டம் இருந்தது. 1903 நவம்பர் 22-ந் தேதி, இசைவாணர்களின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளன்று, பாப்பரசர் 10-ம் பத்திநாதர் தேவாலய இசையைப் பற்றி ஒழுங்குகள் வகுத்தார். கோயிலுக்குள் பாண்டு வாசிக்கவே கூடாது. மேற்றிராணியாரின் அனுமதியோடு, விசேஷ சமயங்களில் மட்டும், எண்ணிக்கையில் குறைந்த சில ஊதுகருவிகளை அடக்கமாக வாசிக்கலாம். வெளியே நடக்கும் பவனிகளில் மேற்றிராணியார் அனுமதித்தால் பாண்டு வரலாம். ஆனால் உலகப் பாட்டுகள் கூடாது. (தேர் கடைத்தெரு திரும்பும்போது புதுச் சினிமாப் பாட்டு கிளம்புகிறதே, அப்போது 1903 யாருக்கு நினைவிருக்கிறது!) உலகப் பாட்டு அல்லாத நல்ல சரக்கு நம்மிடம் இல்லாமல் இல்லை. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை எந்த மதத்து வித்துவானும் மனங்கோணாமல் வாசிக்கலாம், வாசித்தும் வந்தார்கள்.

சட்டம் இளகியது 2-ம் வத்திக்கான் திருச்சங்கத்தில். 1963 டிசம்பர் 4-ந் தேதி வெளியான வழிபாட்டுச் சாசனம், குழாய் ஆர்கனுக்குரிய பெருமையைச் சொல்லிவிட்டு, ஆலயத்தின் மாண்புக்கு ஏற்ற பிற கருவிகளையும் அதிகாரம் உடையோரின் சம்மதத்தோடு சேர்த்துக்கொள்ளலாம் என்றது. மறைபரப்பு நாடுகளின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்புத் தரவேண்டும் என்றும் சொன்னது. 1967-ல் வந்த இசை பற்றிய போதனையும், கருவிகளைத் தேர்ந்துகொள்ளும்போது அந்தந்த மக்களின் பண்பாட்டைக் கருதவேண்டும் என்றது. அதாவது நாதசுரத்துக்கு வாசற்கதவு திறந்து அறுபது ஆண்டு தாண்டிவிட்டது. ஆனால் உள்ளே வந்தது பெரும்பாலும் ஆர்மோனியமும், பின்பு மின்சாரக் கீபோர்டும். குழல்காரர் பழக்க தோஷத்தால் இன்னும் வெளியிலேயே நிற்கிறார்.

குழலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் குழல்காரரைப் பற்றி மட்டும் பேசினால் அவரே நம்மை மன்னிக்கமாட்டார். நாதசுரத்தின் உடல் ஆச்சா மரம். பச்சை மரம் உதவாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் நாட்பட்ட உத்தரங்களையும் தூண்களையும் தேடி வாங்குவார்கள். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டை ஆசாரிமார் இதில் பெயர் பெற்றவர்கள். முன்பு வழங்கிய திமிரி நாதசுரம் குட்டையானது, சுருதி உயர்ந்தது. அதைவிட நீண்டு, தணிந்த சுருதியில், சுத்த மத்திமம் சரியாகப் பேசும் பாரி நாதசுரத்தை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக உருவாக்கியவர் அவ்வூர் ரங்கநாதன் ஆசாரி. 2022-ல் நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

உடல் மரமானால் உயிர் சீவாளி. நாணல் தட்டையை அவித்து, உலர்த்தி, சீவி, இரண்டு நாக்குகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்கும்படி நூலால் கட்டுவது. திருவாவடுதுறைப் பக்கம் இதற்குப் பேர்போனது. அது கெண்டை என்னும் சிறு குழாயில் ஏறி, உலவு என்னும் உடலில் பொருந்தும். கீழே விரிந்த வாய்க்கு அணசு என்று பெயர். வித்துவானின் குழலில் மணிக்கொத்துப் போலச் சீவாளிகளும் ஒரு குச்சியும் தொங்குவதைப் பார்த்துச் சிறுபிள்ளைகள் அலங்காரம் என்று எண்ணுவதுண்டு. அலங்காரம் அல்ல. சீவாளி எச்சிலில் நனைந்தால்தான் பேசும், அதிகம் ஊறினால் தொய்ந்துபோகும், காய்ந்தால் கீச்சிடும். நாக்கு ஒட்டிக்கொண்டால் குச்சியால் விலக்கவேண்டும். கரையில் அடிக்கும் வறண்ட கோடைக் காற்றில் சிறிது நேரத்திலேயே விறைக்கும் சீவாளி, ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் தளர்ந்துவிடும். அதனால்தான் பவனியின் நடுவே அவர் சீவாளியை மாற்றுகிறார். நம்மில் சிலர் நினைப்பதுபோல வேலைக்குக் கள்ளம் பண்ணவில்லை.

வாலிநோக்கத்தில் காற்று வந்தால் உப்போடு வரும். ஒரு பக்கம் கடல். மறுபக்கம், 1974-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகத்தின் மாரியூர்-வாலிநோக்கம் உப்பளங்கள். படகு என்ஜினையே அரிக்கிற காற்று கிளாரினெட்டை விட்டுவைக்குமா? கிளாரினெட்டின் சாவிகளைத் தூக்கி நிறுத்துவது ஊசி போன்ற மெல்லிய எஃகு வில்கள். துரு முதலில் தின்பது அவற்றைத்தான். ஒரு வில் ஒடிந்தால் ஒரு சுரம் ஊமை. வாசித்து முடித்ததும் விரல் வியர்வையை மெல்லிய துணியால் துடைத்து, சாவிகள் அசையும் மூட்டுகளில் எப்போதாவது தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, ஒரே துளி, விட்டால் போதும். குழலுக்குள் துணியை இழுத்து ஈரம் போக்கவேண்டும். துளைகளை மூடும் பஞ்சுத் தக்கைகள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் பிய்க்கக்கூடாது. மெல்லிய தாளை இடையில் வைத்து அழுத்தி எடுத்தால் ஈரத்தைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும். ஊதுவாயில் பூட்டும் நாணல் பட்டையை அப்படியே விட்டுவிடாமல் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் உலர்த்தவேண்டும். கலர் குடித்த வாயோடும் வெற்றிலை போட்ட வாயோடும் ஊதினால் எந்தப் பட்டையும் சீக்கிரம் கெடும்.

நல்ல கிளாரினெட் கிழக்கு ஆப்பிரிக்காவின் கருமரத்தில் செய்வது. கடற்கரைக்கு அதைவிட எபோனைட் கருவி ஏற்றது என்பது நம் கருத்து. மரம் ஈரமும் வெயிலும் மாறி மாறிப் பட்டால் வெடிக்கும், எபோனைட் வெடிக்காது. ஆனால் வெயிலில் கிடந்தால் கறுப்பு வெளிறிப் பச்சையோடிப் போகும். எதுவாயினும் பெட்டியை மணலில் வைக்கவேண்டாம்.

இத்தனை பாடுபட்டு யார் ஊதுவது என்று கேட்கலாம். ஒலிபெருக்கியில் பதிவு செய்த நாதசுரத்தைப் போட்டுவிட்டால் காசும் மிச்சம், சீவாளியும் காயாது. பல ஊர்களில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் தேர் நின்றால் பதிவு நிற்காது. தேர் சந்து திரும்பி வரத் தாமதித்தால் பதிவு காத்திராது. சுமப்பவர் தோள் மாற்றும் நேரத்தைக் கண்ணால் பார்த்து, ராகத்தை இழுத்து நீட்டி, தோள் ஏறியதும் கீர்த்தனைக்குத் தாவுகிற வேலையை மனிதன்தான் செய்யமுடியும். கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகள் தொலைதூரம் போகவேண்டியதும் இல்லை. இராமநாதபுரத்து மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாதசுரமும் தவிலும் மூன்றாண்டுப் பாடமாகக் கற்பிக்கிறார்கள். நம் பங்கிலிருந்து இரண்டு பேர் சேர்ந்தால், 1704-ல் திகைத்து நின்ற அந்தக் குடும்பத் தலைவனுக்குக் கொஞ்சம் கடன் தீர்ந்ததாகும்.

அதுவரை அழைத்து வருகிறவர்களையாவது இந்த ஜூபிலித் திருவிழாவில் உள்ளே அழைப்போம். காணிக்கைப் பவனிக்கு அடக்கமான ஒரு ராகம் வாசிக்கச் சொல்லிப் பங்குத் தந்தையிடம் கேட்டுக்கொள்ளலாம். பீடத்துக்குப் பக்கவாட்டில், பாடகர் குழுவோடு அவர்களுக்குப் பாய் விரித்து, குடிக்க வெந்நீர் வைப்போம். மின்விசிறிக்கு நேர் கீழே மட்டும் இடம் போடவேண்டாம், சீவாளி காய்ந்துவிடும்.