தலைப்பாகை

ஓசூர், கெலவரப்பள்ளிப் பக்கம் சீருடையோடு ஆலைக்குப் போகும் இளைஞர்களைக் கண்டால் எனக்கு வேலூர்ச் சிப்பாய்களின் நினைவுதான் வரும். 1806-ல் கும்பினியார் உத்தரவு போட்டார்கள்: அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்கவேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையை அணியவேண்டும்.

சிப்பாய்கள் கும்பினி உப்பைத் தின்றவர்கள்தாம். சுடச் சொன்னால் சுட்டவர்கள்தாம். அதற்காக நெற்றியையுமா விற்றுவிட்டார்கள்? மே மாதம் மறுத்தார்கள். ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் தலைக்கு 900 கசையடி விதித்தார்கள்.

ஜூலை 10, விடியுமுன் கோட்டையில் துப்பாக்கி வெடித்தது. வெள்ளையர் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி வந்ததும் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். பிறகுதான் உத்தரவு வாபஸாயிற்று. 1807-ல் கவர்னர் பெண்டிங்கும் சேனாதிபதி கிராடக்கும் திருப்பியழைக்கப்பட்டார்கள். மே மாதமே காது கொடுத்திருந்தால், ஒரு துளி மையோடு போயிருக்கும்!