நெறி கட்டிய இடத்துக்குள்ளே

என் மகளுக்குத் தொண்டை வலி, காய்ச்சல். அம்மா தாடைக்குக் கீழே தடவிப் பார்த்தார். பட்டாணிபோல் ஒன்று விரலுக்கடியில் உருண்டது. "நெறி கட்டியிருக்கு" என்றார். அந்த உருண்டைக்குள் பெருகிக்கொண்டிருந்தவற்றில் நோயெதிர்ப்புச் செல்லான டி செல்லும் உண்டு. அங்கே வந்து சேர அது நெடுந்தூரம் கடந்திருக்கிறது.

பிறந்தது எலும்பு மஜ்ஜையில். வளர்ந்தது மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே இருக்கும் தைமஸ் சுரப்பியில். 1961-இல் ஜாக் மில்லர் எலிக்குட்டிகளிலிருந்து தைமஸை அகற்றிப் பார்த்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது: குட்டிகள் தொற்றுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. தைமஸில் நடப்பது கடுமையான தேர்வு. கணையத்துக்கே உரிய இன்சுலினைக்கூடத் தைமஸ் துளியளவு தானே தயாரித்து இளம் செல்களுக்குக் காட்டுகிறது. சொந்த உடம்பின் பொருளை வலுவாகப் பற்றும் செல் மடியும். சில மட்டும் காவல் வேலைக்குத் திருப்பிவிடப்படும். உடம்பின் அடையாளத்தை உணரவே தெரியாததும் மடியும். நூற்றுக்கு ஐந்து தேறினாலே அதிகம்.

தேறியது ரத்தத்திலும் நிணநீரிலும் சுற்றிவரும். தொண்டையில் வைரஸ் புகுந்தால், டென்ட்ரிடிக் செல் அதன் துண்டை ஏந்திக்கொண்டு கழுத்திலுள்ள நிணநீர்க் கணுவுக்கு வரும். துண்டு பொருந்தினால் மட்டும் போதாது; ஆபத்து உண்மைதான் என்று உறுதிசெய்யும் இரண்டாவது சைகையும் வேண்டும். இரண்டும் கிடைத்தால் ஒரு வாரத்துக்குள் ஒன்று ஆயிரக்கணக்காகும். இன்னொரு வகை நோயெதிர்ப்புச் செல்களான பி செல்களும் உடன் பெருக, கணு வீங்கும்.

பெருகும்போதே கடிவாளமும் முளைக்கிறது. சிடிஎல்ஏ-4, பிடி-1 என்ற புரதங்கள் செல்லின்மேல் தோன்றி வேகத்தை அடக்குகின்றன. இவற்றைத் தளர்த்திப் புற்றுநோயை எதிர்க்க வழிகாட்டிய ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோன்ஜோவும் 2018-இல் நோபல் பெற்றார்கள்.

தைமஸ் திருப்பிவிட்ட காவல் செல்களோ நோயில்லாத நாளிலும் மற்ற டி செல்களை அடக்கிவைக்கின்றன. 1995-இல் ஷிமோன் சகாகுச்சி அவற்றை இனங்கண்டார். 2001-இல் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டறிந்தார்கள். காவல் செல்லை உருவாக்குவது அதுதான் என்பது பிறகு தெளிவானது. மூவருக்கும் 2025-இல் நோபல். அந்த மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தையின் குடலையும் தோலையும் கணையத்தையும் அதன் டி செல்களே தாக்குகின்றன. எந்தக் கிருமியும் தேவையில்லை.

வைரஸ் ஒழிந்ததும், பெருகியவற்றில் பத்துக்கு ஒன்பது மடிகின்றன. மிஞ்சியவை நினைவுச் செல்களாகப் பல ஆண்டு தங்குகின்றன.

இரண்டு வாரம் கழித்து அம்மா அதே இடத்தைத் தடவினார். விரலுக்கு ஒன்றும் தட்டவில்லை. நெறி கட்டியபோது பயந்த நான், அது கரைந்தபோதுதான் உடம்பை வியந்தேன்.