முரசா, ஒலிபெருக்கியா?

நடுவர் அவர்களே! மணிமேகலையில் விழாவறை காதையைப் புரட்டிப் பாருங்க. புகார் நகரத்தில் 28 நாள் இந்திர விழா. யானைப் பிடரியில் முரசை ஏற்றி ஒருவர் அறிவிக்கிறார். என்ன அறிவிக்கிறார்? வீதியில் புதுமணல் பரப்புங்கள் என்கிறார். பகைவரைக் கண்டாலும் சண்டையிடாமல் விலகிப் போங்கள் என்கிறார். கூட்டத்தைக் காக்கிற வார்த்தைய்யா அது!

1969-இல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசைவிழா. லட்சக்கணக்கில் இளைஞர்கள், கொட்டுகிற மழை. விளக்குக் கோபுரங்களை விட்டு இறங்குங்கள் என்று மேடையிலிருந்தே எச்சரித்தார்கள்.

2021-இல் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோவேர்ல்டு விழா. நெரிசலில் பலர் ஆபத்தில் என்று இரவு 9:38-க்கே அதிகாரிகள் அறிவிச்சாச்சு. பாட்டு மட்டும் 10 மணி தாண்டியும் நிற்கலை. செத்தவர்கள் 10 பேர்!

ஒலிபெருக்கிக்கா அங்கே பஞ்சம்? உரிய நேரத்தில் நிறுத்துங்கள் என்று சொல்லும் குரலுக்குத்தானய்யா பஞ்சம்! ஆகவே கருவியைவிடப் பெரிது, அதைப் பிடித்திருப்பவரின் பொறுப்பே என்று கூறி அமர்கிறேன்.