கொசுவுக்குக் கணக்கு எழுதிய டாக்டர்

ரொனால்ட் ராஸ் என்றால் பள்ளிப் பாடத்தில் படித்த ஒரு வரிதான் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று கண்டுபிடித்தவர், 1902ல் நோபல் பரிசு வாங்கியவர். அதோடு பாடம் முடிந்துவிடும். ஆனால் அவர் அதற்குப் பிறகு ஒரு கணக்குப் போட்டார். கொசு ஒழிப்புக்கு அந்தக் கண்டுபிடிப்பைப் போலவே இந்தக் கணக்கும் முக்கியம். இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை.

ராஸ் 1857 மே மாதம் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தார். மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து அப்போது மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அவருக்குக் கவிதை, இசை, கணிதம் ஆகியவற்றில்தான் ஆசை. அப்பாவின் வற்புறுத்தலால் மருத்துவம் படித்து, 1881ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார்.

1883ல் பெங்களூரில் அவர் தங்கிய பங்களாவில் ஒரே கொசுத்தொல்லை. ஜன்னல் பக்கம் இருந்த தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழுக்கள் நெளிவதைப் பார்த்துத் தொட்டியைக் கவிழ்த்தார். கொசுக்கள் குறைந்துவிட்டன! மற்ற தொட்டிகளையும் கவிழ்க்கலாமே என்று மேலதிகாரியிடம் கேட்டார். இயற்கையின் ஒழுங்கைக் கெடுக்கக் கூடாது என்று அவர் மறுத்துவிட்டார்.

அந்தக் காலத்தில் மலேரியா எப்படிப் பரவுகிறது என்று யாருக்கும் தெரியாது. 'மலேரியா' என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். 1880ல் அல்ஜீரியாவில் லாவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் நோயாளியின் ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது? கொசுவுக்கு இதில் பங்கு இருக்கலாம் என்று 1894ல் லண்டனில் ராஸிடம் சொன்னவர் பாட்ரிக் மேன்சன்.

1895ல் ராஸ் செகந்திராபாத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். தவறான இனக் கொசுக்களையே அறுத்துப் பார்த்ததால் பல மாத உழைப்பு வீணானது. கொசுக்கள் பறந்துவிடும் என்று பங்காவையும் நிறுத்திவிட்டு வேலை செய்தார். வியர்வை பட்டு மைக்ராஸ்கோப்பின் திருகுகள் துருப்பிடித்தன. ஹுசேன் கான் என்ற நோயாளி, கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி வாங்கிக்கொண்டு கடிபடச் சம்மதித்தார். 1897 ஆகஸ்ட் 20 அன்று, ஹுசேன் கானைக் கடித்த ஒரு அனாபிலிஸ் கொசுவின் வயிற்றில் ராஸ் அந்த ஒட்டுண்ணியைப் பார்த்துவிட்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவை வைத்து, ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து, அது கடிக்கும்போது பரவுகிறது என்று நிரூபித்தார். மனித மலேரியாவில் இதே சுழற்சியை முழுமையாகக் காட்டியவர்கள் இத்தாலியின் கிராஸியும் அவருடைய சகாக்களும். நோபல் பரிசு ராஸுக்கு மட்டும் கிடைத்தது. சண்டை கடைசிவரை தீரவில்லை.

இனி கட்டுப்பாட்டு வேலை. எகிப்தில் சூயஸ் கால்வாய் ஓரம் உள்ள இஸ்மாயிலியா நகரில் 1902ல் ராஸின் யோசனைப்படி குட்டைகளைத் தூர்த்தார்கள், தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றினார்கள். ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் இருந்த மலேரியா நோயாளிகள் 1905ல் நூறுக்கும் கீழே வந்தார்கள். ஆனால் லாகூர் அருகே மியான்மீர் ராணுவ முகாமில் செய்த முயற்சி தோற்றது. 'எல்லாக் கொசுவையும் ஒழிக்க யாரால் முடியும்?' என்று பலர் கேட்டார்கள்.

இந்தக் கேள்விக்குத்தான் ராஸ் கணக்கால் பதில் சொன்னார். 1907-08ல் மொரீஷியஸ் தீவில் மலேரியாவை ஆராயச் சென்றவர், தன் அறிக்கையில் அதை எழுதினார். நான்கு கொசுவில் ஒன்றுக்குத்தான் மனிதனைக் கடிக்க வாய்ப்புக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடித்தவற்றில் மூன்றில் ஒன்றுதான் உள்ளே ஒட்டுண்ணி முதிரும்வரை உயிரோடு இருக்கும். அவற்றிலும் நான்கில் ஒன்றுதான் மறுபடி மனிதனைக் கடிக்கும். ஆக 48 கொசுவில் ஒன்றுதான் நோயைப் பரப்பும்.

இன்னொரு பக்கம் நோயாளிகள் குணமாகிக்கொண்டே இருக்கிறார்கள். புதிய நோயாளிகள் வரவு, குணமானவர்கள் செலவு. வரவைவிடச் செலவு அதிகமானால் கையிருப்பு கரைந்துபோகும் அல்லவா? அதேபோல, கொசுக்களின் எண்ணிக்கை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் மலேரியா தானாகவே தேய்ந்து மறைந்துவிடும். கடைசிக் கொசுவரை கொல்லத் தேவையில்லை!

அன்றைய மருத்துவர்கள் பலருக்கு இந்தக் கணிதம் பிடிபடவில்லை. ராஸ் 1932ல் இறந்தார். 1950களில் ஜார்ஜ் மெக்டொனால்ட் இதை விரிவாக்கி, கொசுவின் ஆயுளைக் குறைப்பதே அதிகப் பலன் தரும் என்று காட்டினார். கடித்துவிட்டுச் சுவரில் உட்காரும் கொசுவைக் கொல்ல வீட்டுக்குள் டி.டி.டி. தெளிப்பது ஏன் பலித்தது என்பதற்கு இது விளக்கமானது.

இந்தக் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. 1947ல் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 7.5 கோடிப் பேருக்கு மலேரியா வந்ததாக மதிப்பிட்டார்கள். 1953ல் தேசியத் திட்டம் தொடங்கியது. 1961ல் பதிவான நோயாளிகள் சுமார் 50 ஆயிரம்தான். வெற்றி என்று நினைத்ததும் வேலை தளர்ந்தது, பணம் குறைந்தது, டி.டி.டி.க்குக் கொசுக்களும் பழகிக்கொண்டன. 1976ல் எண்ணிக்கை 64 லட்சத்தைத் தாண்டியது. எல்லைக்குக் கீழே இறக்கியதை அங்கேயே பிடித்து வைக்காவிட்டால் வரவு மறுபடி ஏறத்தான் செய்யும்.

2020ல் கொரோனா வந்தபோது, ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புகிறார், அது ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டதா என்று தினமும் செய்திகளில் கேட்டோம். அந்தச் சிந்தனைக்கு வழிபோட்டவர்களில் ராஸும் ஒருவர். டெங்குக் கொசுவுக்காகத் தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை கழுவிக் காயவைக்கச் சொல்வதும் இதே கணக்குதான். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதற்குள் தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும், ஆனால் ஒரு வாரம்கூடத் தவறக் கூடாது.